உடம்பின் அமிலத்தன்மையைச் சாப்பாட்டால் சரிக்கட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: "எனக்கு அடிக்கடி நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருகிறது. ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது, காரத்தன்மை உள்ள உணவுகளாகச் சாப்பிட்டால் சமனாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? என்ன சாப்பிடலாம்?"

நெஞ்செரிச்சலைச் சாப்பாட்டால் பெருமளவு அடக்கலாம். ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சாப்பாட்டால் அசைக்க முடியாது, அசைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களைப் பின்பற்றுகிறவர்களுக்கு எரிச்சல் குறையாமல் காசு மட்டும் குறைகிறது.

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ரத்தத்தின் பி.எச். அளவை மிஷினில் ஓட்டிப் பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்: குறையக் குறைய அமிலம், கூடக் கூடக் காரம். இங்கே காரம் என்பது மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது. ஐசியுவில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்த ரத்தம் சிரிஞ்சோடு வரும். உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் கணக்கு தப்பிவிடும் என்பதால் குமிழியைத் தள்ளி, முனைக்கு மூடி போட்டுத்தான் அனுப்புவார்கள். சில நிமிடத்தில் துண்டுச் சீட்டு வந்துவிடும். ஆரோக்கியமான ஆளுக்கு அது 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் இருக்கும். முந்தின நாள் அவர் பிரியாணி சாப்பிட்டாரா, வெள்ளரிக்காய் சாப்பிட்டாரா என்று அந்தச் சீட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் அமிலம் கூடினால் நுரையீரல் மூச்சை வேகமாக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. மீதியைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்புகிறது. அமிலத்தைச் சமன்செய்ய ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் என்ற பொருள் அந்தந்த நொடியே தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

ரத்தம் நிஜமாகவே அமிலமானால் எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால், இன்சுலினை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் சர்க்கரை நோயாளியைப் பார்க்க வேண்டும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், வாந்தி எடுப்பார், நினைவு தடுமாறும். சீட்டில் 7.3க்குக் கீழே, சில சமயம் 7.1கூட வரும். அதற்கு வைத்தியம் இன்சுலினும் சலைனும்தான், கீரைச்சாறு கிடையாது. உங்களுக்கு அப்படி ஆகியிருந்தால் இந்தத் தளத்தில் உட்கார்ந்து கேள்வி தட்டச்சு செய்துகொண்டிருக்க முடியாது.

"ஏங்கண்ணு, இந்தத் தண்ணி குடிச்சா ரத்தம் சுத்தமாயிருமாமே, நெசமா?" என்று ரத்தம் கொடுக்க வந்த ஓர் அம்மா கேட்டார். மகன் காரத்தன்மைத் தண்ணீர் மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். லட்சத்தைத் தாண்டும் விலை. மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்கும்போது, இரண்டு கண்ணாடி டம்ளரில் ஏதோ சொட்டு விடுவார்கள். ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாகும், மிஷின் தண்ணீர் ஊதாவாகும். கூட்டம் வாயைப் பிளக்கும். அந்தச் சொட்டு வெறும் நிறங்காட்டி. தண்ணீரின் பி.எச். என்ன என்பதைத்தான் அது காட்டுகிறது, குடிப்பவரின் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஊதாத் தண்ணீர் போய்ச் சேரும் இரைப்பையில் பி.எச். 1.5 முதல் 3.5 வரை. இறங்கின கொஞ்ச நேரத்தில் அதன் காரத்தன்மை போய்விடும். 'உடம்பு காரமாக இருந்தால் புற்றுநோய் வராது என்று கண்டுபிடித்து ஓட்டோ வார்பர்க் நோபல் வாங்கினார்' என்றும் அந்தக் கூட்டங்களில் சொல்கிறார்கள். 1931இல் அவருக்கு நோபல் கிடைத்தது உண்மை. கிடைத்தது செல்கள் சுவாசிக்க உதவும் ஒரு நொதியைப் பற்றிய ஆய்வுக்காக.

உணவால் மாறுவது சிறுநீர். அதன் பி.எச். 4.5 முதல் 8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் அந்தக் கட்டம் ஆரஞ்சிலிருந்து பச்சை, நீலம் என்று போகும். வீட்டில் இதை வாங்கி வைத்துக்கொண்டு, கீரை தின்ற மறுநாள் பச்சை வந்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை.

உணவுப் பட்டியலுக்கு ஓர் அறிவியல் அடிப்படை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் ரேமர், மான்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எந்த உணவு சிறுநீரகத்துக்கு எவ்வளவு அமிலச் சுமை தரும் என்று 100 கிராமுக்குக் கணக்குப் போட்டார்கள். கூட்டல் என்றால் அமிலச் சுமை, கழித்தல் என்றால் காரம். வாழைப்பழம் கழித்தல் 5.5, பசலைக்கீரை கழித்தல் 14, உலர்திராட்சை கழித்தல் 21. கோழிக்கறி கூட்டல் 8.7, முட்டை மஞ்சள் கரு கூட்டல் 23. சரி, இதையே வேதமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் பாருங்கள்: தவிடு நீக்காத அரிசி 12.5, வெள்ளை அரிசி 4.6. ஆக, கைக்குத்தல் அரிசியை விட்டுவிட்டுத் தீட்டின அரிசிக்கு மாறச் சொல்லும் இந்தப் பட்டியல். எந்த டயட்டீஷியனும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கு இந்தப் பட்டியல் உதவாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் எலுமிச்சையும் தக்காளியும். இரண்டும் இதில் காரத்தன்மைப் பக்கம். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் உடம்புக்குள் எரிந்து பைகார்பனேட்டாக மாறுவதால் அப்படி. ஆனால் அது பின்னால் நடக்கும் கதை. முதலில் அது உணவுக்குழாய் வழியாக அமிலமாகவே இறங்க வேண்டும். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் குழாயில் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீரை ஊற்றினால் எரியத்தான் செய்யும்.

அந்தக் கணக்கு இரண்டு வகை ஆட்களுக்கு உண்மையிலேயே பயன்படும். சிறுநீர் பி.எச். 5.5க்குக் கீழேயே இருந்து யூரிக் அமிலக் கல் வருகிறவர்கள் ஒரு வகை. சிறுநீரகம் பழுதாகி, ரத்த பைகார்பனேட் லிட்டருக்கு 22 மில்லிமோலுக்குக் கீழே போனவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினர் பட்டியலைப் பார்த்துத் தாமாக எதையும் தொடங்கிவிடக் கூடாது. பொள்ளாச்சி இளநீரும் வாழைப்பழமும் காரம்தான், ஆனால் பொட்டாசியம் நிறைந்தவை. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடம் மாறும்.

இனி உங்கள் விஷயம். இரைப்பையில் அமிலம் இருப்பது நோய் இல்லை. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை இரைப்பைநீர் எல்லோருக்கும் சுரக்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை வளையம் வேண்டாத நேரத்தில் தளர்ந்து அமிலத்தை மேலே விடுவதுதான் பிரச்சினை. வயிறு முட்ட நிரம்பியிருந்தாலும், கொழுப்பு மிகுந்த சாப்பாடு நெடுநேரம் வயிற்றிலேயே தங்கினாலும், சாப்பிட்டதும் மல்லாந்தாலும் அது நடக்கும்.

நம்ம பக்கத்துச் சமையல் அடிப்படையில் வயிற்றுக்கு இதமானது என்பது என் கருத்து. அரிசியும் பருப்பும், பச்சைப்பயறு கடைந்தது, சந்தகை, ராகிக்களி, கம்பங்கூழில் மோர். எண்ணெய் குறைவு, புளி அளவு. கெடுப்பது நேரம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஒருவரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அவசரமாக ஒரு டீ, வெறும் வயிற்றில். பதினொரு மணி டீ டைமில் இன்னொரு டீயும் போண்டாவும். மத்தியானம் டிபன் பாக்ஸைப் பத்து நிமிடத்தில் காலி செய்வார். சாயங்காலம் பேக்கரியில் பப்ஸ், இல்லாவிட்டால் தள்ளுவண்டிக் காளான். வேலை முடிந்து வீடு சேர ஒன்பது ஒன்பதரை. நாள் முழுக்கச் சேர்த்துவைத்த பசியில் புரோட்டாவும் சால்னாவும், அல்லது குழம்பு ஊற்றிய சோறு ஒரு மலை. பத்தரைக்குப் படுக்கை. நள்ளிரவில் தொண்டை வரை எதுக்களித்து, இருமிக்கொண்டு எழுந்து உட்காருவார். இவருக்குக் காரத்தன்மை உணவு எதைக் கொடுத்து என்ன பயன்?

மாற்றச் சொல்வது இதைத்தான். ஆறு மணி டீ டைமில் பப்ஸுக்குப் பதிலாக, வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டுவிடுங்கள். ராத்திரிக்கு இரண்டு இட்லியோ, கொஞ்சம் அரிசியும் பருப்பும் தளர்வாகவோ போதும். நெய் ஒரு சொட்டோடு நிற்கட்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். அது முடியாத அன்று கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் மோசமாகும். இடது பக்கம் திரும்பிப் படுப்பதும் பலருக்கு உதவுகிறது. தொப்பை இருந்தால் எடையைக் குறைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தரும், செய்வதற்குக் கடினமும் அதுவே. கிடாவெட்டு விருந்தை மறுக்கச் சொல்லவில்லை. மத்தியானப் பந்தியில் உட்காருங்கள், ராத்திரிப் பந்தியைத் தவிருங்கள்.

எது எரியவைக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கொள்ளு ரசத்தில் மிளகு சிலருக்கு ஆகாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் சின்ன நோட்டில் சாப்பிட்டதையும் எரிந்த நேரத்தையும் எழுதினால் உங்கள் பட்டியல் உங்களுக்கே கிடைத்துவிடும். எரியும்போது பால் குடிப்பது பழைய பழக்கம். 1915இல் சிகாகோ டாக்டர் சிப்பி அல்சர்காரர்களுக்கு மணிக்கொருதரம் பாலும் க்ரீமும் கொடுக்கச் சொன்னதுகூட உண்டு. குடித்தவுடன் இதமாக இருக்கும், அப்புறம் பாலின் புரதமும் கால்சியமுமே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும்.

சாப்பாட்டால் தீராத வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு. தறி ஓட்டுகிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் இடுப்புவலிக்கு மெடிக்கலில் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். இன்னொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்களான பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கொடுத்தார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துச் சோதித்தவர். மலப் பரிசோதனையிலோ மூச்சுப் பரிசோதனையிலோ தெரிந்துவிடும், ஆன்டிபயாடிக் சேர்த்த மருந்தில் போகும். மோர் குடித்துப் போகாது.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பாதி வீண். கேட்காமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் பி12 குறையலாம். விழுங்கும்போது தொண்டையில் அடைப்பது, மலம் தார்போல் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் இளைப்பது, இதில் எது இருந்தாலும் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் விடாதீர்கள்.

நெஞ்செரிச்சலோடு வியர்த்துக் கொட்டி, இடது கையோ தாடையோ வலித்தால், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்களுக்கு, சோடா உடைத்துக் குடித்துவிட்டு ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். 'கேஸ்தானுங்க' என்று சொல்லிக்கொண்டே வந்தவர்களின் ரத்தத்தில், இதயத் தசை சேதமானால் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.