தண்ணி என்று சொன்னால்தான் தண்ணியா?

அன்புள்ள ஆச்சி,

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. மகனுக்கு இரண்டேகால் வயது முடிந்துவிட்டது. ம்மா, தா, பூ, போ, இவ்வளவுதான் பேச்சு. காக்காயைப் பார்த்தால் ‘கா கா’ என்பான். செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறான். ‘இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான், தானா வரும்’ என்கிறார் மாமியார். நான் அதிகம் பேசாதவள், அதனால்தான் பிள்ளையும் இப்படி என்றும் சொல்கிறார். வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்கிறார். தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவதால்தான் குழம்புகிறான் என்கிறாள் தங்கை. நூறு படம் உள்ள ஃபிளாஷ் கார்டு வாங்கிக் காலையும் மாலையும் காட்டுகிறேன். ‘சொல்லு, சொல்லு’ என்றால் எழுந்து ஓடிவிடுகிறான். டம்ளரை நீட்டினால், தண்ணி என்று சொன்னால்தான் தருவேன் என்று வைத்திருக்கிறேன். அழுகிறான். வீட்டிலேயே பயிற்சி கொடுக்க நல்ல ஆப் ஏதாவது இருக்கிறதா? பேரன் பேத்தி எடுத்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளே,

என் மகள் வயதுதான் உனக்கும் இருக்கும், ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

முதலில் காது. மற்றதெல்லாம் அப்புறம். செருப்பை எடுத்து வரச் சொன்னபோது உன் கை செருப்பைக் காட்டியதா, கண் அந்தப் பக்கம் போனதா என்று யோசித்துப் பார். பிள்ளைகள் நம் கையையும் கண்ணையும் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கைதட்டினால் திரும்புகிறான், குக்கர் விசிலுக்கு ஓடி வருகிறான் என்பதும் கணக்கில் சேராது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கிவிடுவது உண்டு. பெரிய சத்தமெல்லாம் கேட்கும், பேச்சில் இருக்கும் மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும். இது கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொற்களும், ‘ம்மா தா’ என்பது போல் இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் வந்திருக்க வேண்டும். உன் பிள்ளை ஐந்தில் நிற்கிறான். இனி காத்திருக்கிற பேச்சே கூடாது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு மையம் என்று ஏற்பாடு. டி.இ.ஐ.சி என்பார்கள். காது பார்க்கிறவர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், குழந்தை மருத்துவர் என்று ஒரே இடத்தில் பார்க்கலாம், காசு கிடையாது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேள். ஊரில் அங்கன்வாடி இருக்குமே, அதே திட்டத்து மருத்துவக் குழு அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அந்த டீச்சரிடமும் சொல்லி வை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, முன்பு சொன்ன சொல் ஏதாவது இப்போது காணாமல் போயிருக்கிறதா என்று அங்கே கேட்பார்கள். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் நாளைக்கே கிளம்பு.

‘தானா வரும்’ என்கிறவர்கள் அடுத்து குமரகுருபரரை இழுப்பார்கள். ஐந்து வயதுவரை பேசாமல் இருந்தவர் கடல் போலப் பாடினாரே என்பார்கள். அவரைப் பெற்றவர்கள் சும்மாவா இருந்தார்கள்? ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய்க் கிடந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அது. உனக்குச் சிவகங்கை இருக்கிறது, போ.

வசம்பு வேண்டாம். உரைத்துக் கொடுத்து, பிள்ளை வாந்தியெடுத்து மருத்துவமனைக்குத் தூக்கி ஓடியவர்கள் உண்டு. மாமியார் மனம் கோணக் கூடாது என்றால் கையில் கட்டிவிடச் சொல். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடை வைத்துத் தொழில் செய்யப் போனவர்களின் ஊர் இது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கடைவாசலில் ஒரு மொழியும் அடுப்படியில் ஒரு மொழியும் பேசினார்கள். உனக்கு எது தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசு, அவ்வளவுதான். ஆப் எதுவும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. உனக்கும் தெரிந்ததுதான்.

நீ அதிகம் பேசாதவள் என்பதால் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்பது அபாண்டம். இந்தப் பழியை எந்தத் தாயும் சுமக்க வேண்டியதில்லை. இதை நினைத்து ராத்திரி அழாதே.

ஆனால் அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு உன்னைத் திட்டத்தான் வேண்டும். பிள்ளைக்குத் தாகம், உனக்குப் பாடமா? சொன்னால்தான் தருவேன் என்று டம்ளரைத் தூக்கிப் பிடிப்பதற்குப் பேர் பயிற்சி இல்லை. அவனுக்குச் சொல்ல வந்தால் சொல்ல மாட்டானா? வராததற்கு வீம்பு என்று பேர் வைத்து, தண்ணீரை நிறுத்தி, அழவைத்து, என்ன கற்றுக்கொடுத்தாய்? வாயைத் திறக்கச் சொன்னாலே ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்பதைத்தான்.

உன்னை மட்டும் சொல்வானேன். போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீடு. பட்டாலையில் ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி ஏழெட்டுப் பேர் போலீஸ் விசாரணை போல் சூழ்ந்துகொண்டார்கள். உன் பேர் என்ன, மூக்கு எங்கே, மாடு எப்படிக் கத்தும், ஆயாவுக்கு ஒரு பாட்டுப் பாடு. அந்தக் குழந்தைக்குப் பேச்சு நன்றாகவே வரும். அதுவே அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பதில் தெரிந்த கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் கொஞ்சல் என்று பேர் வைத்திருக்கிறோம். பெரியவர்களிடம் இப்படிப் பேசுவோமா? உன் மாமியாரிடம் கரண்டியைக் காட்டி ‘இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்டுப் பார், தெரியும்.

எங்கள் வீட்டில் சித்தப்பா மகன் ஒருவன் வெகுநாள் பேசாமல் இருந்தான். ஒரு கல்யாணத்துக்கு முன் சாமான் அறையைத் திறந்து பாத்திரமெல்லாம் வளவில் பரப்பியிருந்தார்கள். அப்பத்தா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவார். கூடப் பேச ஆள் இல்லாததால் சாமான்களோடு பேசுவார். இது தவலை, இது தூக்கு, இது மங்குத் தட்டு, ரங்கூன்லேருந்து வந்தது, இந்தக் கும்பாவை எவன் ஒடுக்குனான் என்று ஓடும் பேச்சு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூடிகளை எடுத்து எடுத்துக் கொடுப்பான். அப்பத்தா தலை நிமிராமலே கையை மட்டும் நீட்டி, ‘மூடி’ என்பார். அவன் கொடுப்பான். ‘தவலைக்கு மூடி’ என்று போட்டு மூடுவார். ஒரு தடவை அவன் கொடுக்கவில்லை, மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றான். அப்பத்தா அதட்டவில்லை, கேட்கவில்லை, நீட்டிய கையை எடுக்கவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘ஊயி’ என்றான். ‘ஆமா, மூடி. பெரிய மூடி’ என்று வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த தூக்கை எடுத்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்று யாரும் பிடுங்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அன்று சாயங்காலம் முழுக்க ‘ஊயி, ஊயி’ என்று வீடு சுற்றினான்.

உடனே அப்பத்தா வைத்தியம் போதும் என்று நினைத்துக்கொள்ளாதே. அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது என்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்தது. அதுவரை எல்லோரும் ‘தானா வரும்’ என்றார்கள். இன்றைக்கும் அவன் வலது பக்கம் உட்கார்ந்து பேசினால்தான் காதில் விழும்.

நூறு கார்டு வாங்கினாயே, அதில் வரிக்குதிரை இருக்கும், பென்குயின் இருக்கும். உன் வீட்டு முற்றத்துச் சுவரில் வந்து உட்கார்கிற காக்காயை அவனே பார்த்து ‘கா கா’ என்கிறான். அதையும் ஒரு சொல்லாகத்தான் எண்ண வேண்டும். அவன் எதைப் பார்க்கிறானோ அதன் பேரை நீ சொல். ‘காக்கா. காக்கா பறக்குது.’ ஒன்றிரண்டு சொல் போதும், பிரசங்கம் வேண்டாம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். மனத்துக்குள் பத்து எண்ணு. அவன் முகத்தைப் பார். பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும், மூன்றாவது எண்ணிலேயே நமக்கு வாய் அரிக்கும். உன்னைப் போல் அதிகம் பேசாதவளுக்கு இது எளிது, என்னைப் போன்ற வாயாடிக்குத்தான் சிரமம்.

தண்ணீரும் அப்படியே. டம்ளரை நீட்டுகிறானா? ‘தண்ணி’ என்று சொல்லிக் கொஞ்சமாக ஊற்று. குடிப்பான், மறுபடி நீட்டுவான். உடனே ஊற்றாமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரி. ‘ண்ணி’ என்றாலும் ஊற்று, ‘ம்’ என்றாலும் ஊற்று, டம்ளரை ஆட்டினாலும் ஊற்று. ‘ண்ணி’ என்றால் திருத்தாதே. ‘ஆமா, தண்ணி. சில்லுனு தண்ணி’ என்று சரியான சொல்லை அவன் காதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு.

பருப்பு கடைந்து விளையாடுவோமே, அதை இப்படி யாரும் யோசிப்பதில்லை. உள்ளங்கையில் முழங்கையை வைத்துக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பிரித்துக் கொடுத்து, நண்டு ஊர்ந்துகொண்டே கை வழியாக மேலே போகும். அக்குளுக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திவிடு. அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உன் முகத்தையே பார்ப்பான். அந்த இடத்தில் காத்திரு. ஒரு சத்தமோ உந்தலோ அவனிடமிருந்து வரும். வந்த பிறகு கிச்சுகிச்சு மூட்டு. கேட்டால் கிடைக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். சிரித்துக்கொண்டே தெரிந்துகொள்ளட்டுமே.

உன் கணவரும் வீடியோவில் ‘அப்பா சொல்லு, அப்பா சொல்லு’ என்றுதான் கெஞ்சிக்கொண்டிருப்பார், தெரியும். துண்டால் முகத்தை மூடித் திறந்து காட்டச் சொல். அங்கே அவர் வாழைப்பழம் உரித்தால் இங்கே நீயும் ஒன்று உரி. பேரைச் சொல்லவைக்கிற வேலை வேண்டாம்.

காதுப் பரிசோதனையில் பெரா என்று ஒன்று இருக்கிறது, சத்தம் மூளைவரை போய்ச் சேர்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது, அதைக் குழந்தை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். அதற்கு நாள் குறித்துக் கொடுத்தால் அன்று காலையில் சீக்கிரம் எழுப்பிவிடு, பஸ்ஸில் தூங்கவிடாதே. எப்போது பால் கொடுக்கலாம், எப்போது கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொள். சளி எத்தனை நாளாக இருக்கிறது, காதில் சீழ் வந்ததா, பிறந்தபோது மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் பார்த்தார்களா என்பதெல்லாம் கேட்பார்கள், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போ. மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைக்க ஆள் வேண்டும், டாக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்ட மாதிரி இருக்கும்.

அன்புடன்,
ஆச்சி