எலுமிச்சை டார்ட்: விருந்துக்கு முன் கேட்ட சந்தேகங்கள்

கேள்வி: சனிக்கிழமை இரவு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். எலுமிச்சை டார்ட் செய்ய ஆசை, ஆனால் பழக்கமில்லை. சமாளிக்க முடியுமா அக்கா?

பதில்: தாராளமாக. டார்ட் என்றால் மொறுமொறுப்பான மாவு ஓட்டுக்குள் எலுமிச்சைக் கலவை ஊற்றிச் சுடும் இனிப்பு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையே மாவு ஓட்டைச் சுட்டு வைத்துவிடுங்கள். சனிக்கிழமை காலை கலவையை ஊற்றிச் சுட்டால், இரவுக்குள் ஆறி இறுகிவிடும். கடைசி நேரப் பரபரப்பு இல்லாத இனிப்பு என்பதால்தான் விருந்துக்கு இதைச் சொல்கிறேன்.

23 செ.மீ. தட்டுக்கு அளவு இது. ஓட்டுக்கு மைதா 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், ஒரு மஞ்சள் கரு, சிட்டிகை உப்பு. உள்ளே ஊற்ற 4 முட்டை, சர்க்கரை 150 கிராம், எலுமிச்சைச் சாறு 120 மி.லி., ஃபிரெஷ் கிரீம் 150 மி.லி.

கேள்வி: சென்னை வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகுகிறது. சுட்டதும் ஓடு சுருங்கியும் போகிறது.

பதில்: இரண்டுக்கும் மருந்து ஃபிரிட்ஜ்தான். வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மைதாவோடு சேர்த்தே அரை மணி நேரம் குளிர வையுங்கள். உள்ளங்கை படாமல் விரல் நுனியால் மட்டும் தேயுங்கள். ரவை மாதிரி உதிர்ந்து வரும்போது சர்க்கரை, உப்பு, மஞ்சள் கரு, தேவைப்பட்டால் ஒரு ஸ்பூன் ஐஸ் தண்ணீர் சேர்த்துத் திரட்டுங்கள். அவ்வளவுதான், பிசையவே கூடாது. பிசையப் பிசைய மாவில் இழுவை வந்துவிடும், அந்த இழுவைதான் ஓவனில் சுருக்குகிறது. திரட்டிய பிறகு அரை மணி, தட்டில் விரித்த பிறகு இன்னொரு இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஓரத்தைத் தட்டு விளிம்புக்குச் சரியாக வெட்டாமல் கொஞ்சம் தொங்க விட்டு, சுட்ட பிறகு சீவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் ஓட்டைச் சுடும்போது கொண்டைக்கடலை எதற்கு?

பதில்: பாரத்துக்கு. இல்லையென்றால் அடி உப்பிவிடும். பட்டர் பேப்பர் விரித்துக் காய்ந்த கடலையைக் கொட்டி 180 டிகிரியில் 15 நிமிடம். கடலையை எடுத்துவிட்டு, அடி பொன்னிறமாகும் வரை இன்னும் பத்து நிமிடம். சூட்டோடு முட்டை வெள்ளைக்கருவைத் தடவிவிட்டால் அடி நமுக்காது.

கேள்வி: நம்ம ஊர் எலுமிச்சை போதுமா, இல்லை பெரிய மஞ்சள் லெமன் தேட வேண்டுமா?

பதில்: தேடவே வேண்டாம். நம் பழத்தில் புளிப்பும் மணமும் தூக்கலாகவே இருக்கும். ஆறேழு பழம் பிழிந்தால் சாறு தேறும். தோல் மெல்லியது என்பதால் துருவும்போது கை லேசாக இருக்கட்டும், வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். பழத்தை வெட்டுமுன் துருவுங்கள். மூன்று பழத்தின் துருவலைச் சர்க்கரையில் போட்டு விரலால் கசக்கினால் தோலின் எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈரமாகும், அடுக்களையே மணக்கும். நான் ரொம்ப ரசித்துச் செய்யும் வேலை இது. சாத்துக்குடி மட்டும் போட்டுச் செய்ய வேண்டாம், புளிப்பு போதாது.

கேள்வி: அலுமினியப் பாத்திரத்தில் கலக்கலாமா?

பதில்: கூடாது. புளிப்பு பட்டு உலோக வாடை வரும். எவர்சில்வரோ கண்ணாடியோ எடுங்கள்.

கேள்வி: மேலே வெடித்துவிடுகிறதே?

பதில்: அதிகம் வெந்துவிட்டது. 150 டிகிரி போதும், 25 நிமிடத்தில் பார்க்கத் தொடங்குங்கள். தட்டை மெல்ல அசைத்தால் ஓரம் அசையக்கூடாது, நடுவில் கையகலம் மட்டும் ததும்ப வேண்டும். அப்போதே எடுங்கள். மிச்சச் சூட்டில் தானாக இறுகும்.

கேள்வி: மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். வீட்டில் ஓவனும் இல்லை.

பதில்: மாரி பிஸ்கட் 200 கிராமைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 100 கிராம் கலந்து தட்டில் அழுத்திக் குளிர வையுங்கள். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், 150 மி.லி. கெட்டி கிரீம், 120 மி.லி. சாறு கலந்தால் புளிப்பில் பால் தானாகக் கெட்டிப்படும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள்.

கேள்வி: பிரியாணிக்குப் பிறகு கொடுக்கலாமா?

பதில்: அதற்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும்! துண்டு மெல்லியதாக இருக்கட்டும். கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, ஒவ்வொரு முறையும் அப்படியே வெட்டுங்கள். பக்கத்தில் சர்க்கரை போடாத கிரீம் ஒரு கரண்டி வையுங்கள்.