கிண்டர்டைக்கின் பூனை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நெதர்லாந்தில் கிண்டர்டைக் என்ற சிற்றூருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். லெக் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டேன். இயற்கையோடு எப்படி இயைந்து வாழ்ந்திருக்கிறார்கள்! 1421 வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம். அது கவிழாமல் ஒரு பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தாவிச் சமன்செய்ய, உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததாம். அதனால்தான் 'குழந்தைக் கரை' என்ற பெயர் என்கிறார்கள். இது உண்மையா என்று என் மகள் தினமும் கேட்கிறாள். என்ன சொல்ல? அங்கே அரைத்த மாவு அக்காலத்தில் எங்கெல்லாம் போனது என்றும் எழுதுங்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

பூனை உண்மைதான் என்று சொல்லிவிடுங்கள். வளர்ந்தபின் அவளே தெரிந்துகொள்ளட்டும். இப்போது அந்தப் பூனை அவளுக்கு வேண்டும்.

மாவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அங்குள்ள 19 ஆலைகளும் தண்ணீர் இறைக்கக் கட்டியவை. உள்ளே திரிகைக் கல் கிடையாது, துடுப்புச் சக்கரம்தான். ஆலைக்குள் நுழைந்தீர்களா, வாசலில் நின்று படம் மட்டும் எடுத்தீர்களா? சரி, போகட்டும்.

'இயற்கையோடு இயைந்து' என்பதை மட்டும் விட மாட்டேன். சில வாரங்களாக நான் முட்டிக்கொண்டிருப்பதே அதனோடுதான்.

அல்பிளாசர்வார்ட் என்ற அந்தப் பகுதி ஒரு காலத்தில் ஆற்றைவிடச் சற்று உயர்ந்த சதுப்பு. செடிகொடிகள் முழுக்க மட்காமல் நீரில் ஊறிக் கிடந்த, பஞ்சு போன்ற மண். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் போன இடத்தில் காற்று புகுந்தது, மண் மட்கியது, நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் மறுபடி நீர் கட்டியது. இன்னும் ஆழமாக வெட்டினார்கள். இன்னும் தாழ்ந்தது. பிறகு சுற்றிலும் கரை. அதைப் பராமரிக்க 1277இல் ஐந்தாம் ஃப்ளோரிஸ் பிரபு ஓர் அமைப்பையே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அதுவும் போதாமல் 1738இல் எட்டு செங்கல் ஆலைகள், 1740இல் எட்டு கூரை வேய்ந்த ஆலைகள். 1868இல் நீராவி. இன்று ராட்சதத் திருகு பம்புகள். இறைக்க இறைக்கத் தாழ்கிறது, தாழத் தாழ இறைக்க வேண்டும். நம் ஊரில் இதற்குப் பெயர் கந்துவட்டி. நீங்கள் இயைபு என்கிறீர்கள்!

அந்த 1421 வெள்ளமும் வெறும் கடல் சீற்றம் இல்லை. பிரபுக்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு கரையைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். உப்புக் காய்ச்சக் கரையோரத்தில் உப்பேறிக் கிடந்த அந்தப் பஞ்சு மண்ணையே தோண்டி எரித்தார்கள். தெற்கே மூழ்கிய நிலத்தில் ஒரு பகுதி மீளவே இல்லை. இன்றும் பீஸ்பாஸ் என்ற சதுப்பாகக் கிடக்கிறது.

நான் போனது ஒரு நவம்பரில், காது விறைக்கும் குளிர். ஆலையின் இறக்கை தரைக்கு ஓரடி உயரத்தில் விசுக்கென்று கடந்துபோனது. பெரிய ஆளையே அடித்துப்போடும். ஆலைக்கு எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். காற்று திசை மாறினால் ஆலைக்காரர் இறக்கையையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு மறுபக்கக் கதவால்தான் வெளியே வர வேண்டும். இதற்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். கதவைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் என்று யோசித்த ஒரு தாயை நினைத்தபடி நெடுநேரம் நின்றிருந்தேன். நீங்கள் உள்ளே போயிருந்தால் இதைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள். கோபம் எல்லாம் அதனால்தான்.

அப்புறம், அந்நாட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. நிலம் வைத்திருப்பவன் தன் பங்குக் கரையைத் தானே பராமரிக்க வேண்டும். முடியாது என்றால் தன் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டு, வீடு வாசலை விட்டுப் போய்விட வேண்டும். அதைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சொந்தம், கரையும் சொந்தம்.

பூனைக் கதை முடிந்ததும் மகளிடம் இதையும் சொல்லுங்கள். நட்டுவிட்டுப் போனவன் திரும்பிப் பார்த்தானா என்று கேட்டால், எனக்கு எழுதுங்கள்.