கச்சேரி பாடுகிறவர் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கப் போனால்

எம்.ஏ. இசை முடித்து, விரிவுரையாளர் தகுதிக்கான நெட் தேர்விலும் தேறி, ஆகாசவாணி என்ற அகில இந்திய வானொலியில் 'ஏ'-க்கு ஒரு படி கீழான பி-ஹை கிரேடு வாங்கியிருக்கிறீர்கள். சபாக்களில் மதியக் கச்சேரியிலிருந்து மாலைக் கச்சேரிக்கு நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், ஒரு பல்கலைக்கழக இசைத் துறையிலிருந்து கௌரவ விரிவுரையாளராக வரச் சொல்லி அழைப்பு. சேர்ந்தால் கச்சேரி போய்விடுமோ என்று நீங்கள் கேட்கிறீர்கள். சேராவிட்டால் இனி வேலையே கிடைக்காதோ என்று உங்கள் அம்மா கேட்கிறார்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சுலபம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கௌரவ விரிவுரையாளர் பதவி நிரந்தர வேலைக்கான வரிசை அல்ல. பத்து வருடம் அதில் இருந்தாலும் நிரந்தரப் பணிக்குத் தனியாக விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் இத்தகைய ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று சொன்னது. பல இடங்களில் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. இரண்டுக்கும் உள்ள தூரத்தை அம்மா தெரிந்துகொள்வது நல்லது.

அந்த நிரந்தர வேலைக்கு இசையில் இரண்டு வழிகள் உண்டு. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது அதன் மாநில அளவிலான செட் தேர்ச்சியும் ஒரு வழி. அது உங்களிடம் இருக்கிறது. இன்னொன்று கலைஞர்களுக்கென்றே வைத்த வழி: இளங்கலைப் பட்டம், பெயர் பெற்ற குருவிடம் பயிற்சி, வானொலி அல்லது தூர்தர்ஷனில் 'ஏ' கிரேடு, பாடத்தைத் தர்க்கத்தோடு விளக்கும் திறமை, உதாரணங்களோடு இலட்சணம், அதாவது இசைக் கோட்பாடு, நடத்தும் அறிவு. பி-ஹை இதற்குப் போதாது. ஆனாலும் 'ஏ' கிரேடுக்கு முயற்சி செய்யுங்கள். நேர்காணலில் அதற்கு மதிப்பு இருக்கும். விண்ணப்பிக்கும்போது அந்தந்த அறிவிப்பில் உள்ள தகுதியை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது வழியில் ஒரு நிபந்தனை இருக்கிறதே, தர்க்கத்தோடு விளக்கும் திறமை என்று, உங்கள் புது வேலையின் கஷ்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நெட் வழியாக வந்தவர்களும் அதிலிருந்து தப்ப முடியாது.

ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே ஆரோகணம், ஒரே அவரோகணம்; ஸ்வரங்கள் ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும் ஒன்றுதான். மேடையில் நீங்கள் இரண்டையும் குழப்பியிருக்கவே மாட்டீர்கள்; தொண்டைக்குத் தெரியும். முதல் வருட மாணவன் ஒருவன் எழுந்து, "மேடம், ஸ்வரம் ஒன்றுதானே, அப்புறம் எப்படி இரண்டு ராகம்?" என்று கேட்பான். பாடிக் காட்டுவீர்கள். அவன் தலையாட்டுவான். அவனுக்குப் புரியவில்லை என்பது தேர்வுத்தாளில் தெரியும். ஆரபி மத்தியம காலத்தில் துள்ளிக்கொண்டு போகும், காந்தாரமும் நிஷாதமும் அதில் பட்டும் படாமலும் கடந்துபோகும். தேவகாந்தாரியில் சவுக்கமாக, அதாவது மெதுவாக, நின்று, ரிஷபத்தை நீட்டி அசைத்துப் பாடுகிறோம். இதை வாயால் சொல்லி, ஒரே பிடியை, அதாவது ஒரே ஸ்வரக் கோர்வையை, இரண்டு விதமாகப் பாடிக் காட்டி, பிறகு அவனையே பாட வைத்தால்தான் பாடம் முடிகிறது. தர்பார், நாயகியிலும் இதே கதைதான். உங்கள் குரு இப்படி விளக்கியிருக்க மாட்டார், அவருக்குத் தேவையும் இருக்கவில்லை. வருஷக்கணக்கில் நீங்கள் கூடவே உட்கார்ந்து கேட்டீர்கள். இந்த மாணவனுக்கு ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது.

ஆகவே சேர்வதற்கு முன் உள்ள நாட்களில் உங்களுக்கு நன்றாகப் பாட வரும் ராகங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பாடாமல், பேசியே விளக்கிப் பாருங்கள். வீட்டில் இசை தெரியாத ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். மிகவும் எரிச்சலான வேலை இது. பெரிய வித்வான்களும் இதைச் செய்திருக்கிறார்கள். வீணை தனம்மாளின் பேரனான புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1975-இல் முனைவர் பட்டம் வாங்கியது ராக ஆலாபனையைப் பற்றி எழுதித்தான். பரம்பரையாக வந்த வாசிப்பைக் கைவிடாமலேயே அதை ஆராய்ந்து எழுதினார்.

முனைவர் பட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உதவிப் பேராசிரியராகச் சேர அது இப்போது கட்டாயமில்லை. கலைஞர்களுக்கான தனி வழியில் அல்லாமல் இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. நீங்கள் தினமும் பாடுகிற விஷயத்தையே தலைப்பாக எடுங்கள். நூலகத்தில் மட்டுமே கிடைக்கிற தலைப்பை எடுத்தால் ஆய்வும் நின்றுபோகும், சாதகம் என்ற தினசரிப் பாட்டுப் பயிற்சியும் நின்றுபோகும்.

இனி உங்கள் கேள்வி. கச்சேரி போய்விடாது, ஆனால் குரல் போகலாம். முழுநேர உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பது விதி. பதினாறு மணி நேரமும் மாணவர்களோடு சேர்ந்து நீங்களும் பாடினால், சனிக்கிழமை கச்சேரியில் தார ஸ்தாயி என்ற மேல் ஸ்தாயி எட்டாது. புதிதாக வரும் பாடகர்கள் எல்லோரும் செய்வது இதுதான்: வகுப்பு மௌனமாக இருப்பதைத் தாங்க முடியாமல் தாங்களே பாடிவிடுவார்கள். ஒரு முறை பாடிக் காட்டுங்கள், பிறகு அவர்கள் பாடட்டும், நீங்கள் தாளம் போட்டுக் கேளுங்கள். உங்கள் சொந்தச் சாதகம் காலையில், வகுப்புக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மாலையில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

ஸ்ருதி விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியது. பாடகரின் ஸ்ருதி உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். ஒரே வகுப்பில் ஐந்து கட்டையில் பாடும் பெண்களும், ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் பாடும் பையன்களும் இருப்பார்கள். தம்பூராவை உங்கள் ஸ்ருதிக்கு வைத்துவிட்டால் பையன்கள் மந்திர ஸ்தாயி என்ற கீழ் ஸ்தாயியில் முனகுவார்கள் அல்லது மேலே கத்துவார்கள். பாதி வகுப்புக்குப் பாட்டே வராது என்று அவர்களைப் பற்றி ஒரு தவறான முடிவுக்கு நீங்கள் வந்துவிடக்கூடும். முதல் வாரமே ஒவ்வொருவரையும் தனியாகப் பாட வைத்து, கட்டையைக் குறித்துக்கொண்டு, இரண்டு குழுவாகப் பிரியுங்கள். நேர அட்டவணையில் இடமில்லை என்பார்கள். ஒரு குழு பாடும்போது இன்னொரு குழு ஸ்வரப்படுத்தி எழுதட்டும். அதற்குத் தனி அறை கூட வேண்டாம்.

பாடாந்தரத்தில், அதாவது ஒரு குரு வழியாக வரும் பாட்டு வடிவத்தில், கவனமாக இருங்கள். பலர் வெளியே ஒரு குருவிடம் கற்றுக்கொண்டே பட்டம் படிக்க வருகிறார்கள். அவர் சொல்லிக்கொடுத்த சங்கதி, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதம், உங்களுடையதிலிருந்து வேறாக இருக்கும். அதைத் திருத்தப் போகாதீர்கள். ஸ்ருதி விலகினால் திருத்துங்கள், தாளம் தப்பினால் திருத்துங்கள், ராகத்தில் இல்லாத பிரயோகம் வந்தால் திருத்துங்கள். செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும்போதும் இதே அளவுகோல்தான். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டால், தன் பாணிக்காரர்களுக்கு மட்டும் அள்ளிப் போடுகிறார் என்ற பேச்சு வராது. இசைத் துறைகளில் அந்தப் பேச்சு சீக்கிரம் பரவும்.

மற்ற அலுவலக விஷயங்கள், வருகைப் பதிவேடு, பாடத்திட்டக் குழு, கல்லூரி விழாவுக்கு இறைவணக்கம் தயார் செய்வது, எல்லாம் தானாகப் பழகிவிடும். இறைவணக்கம் உங்கள் தலையில்தான் விழும், தயாராக இருங்கள்.

சேர்வதற்கு முன் நியமன ஆணையில் ஒன்றை மட்டும் தேடிப் படியுங்கள்: வெளியில் பணம் வாங்கிக் கச்சேரி செய்ய முன் அனுமதி தேவையா, தேவையென்றால் யாரிடம், எத்தனை நாள் முன்னதாக. அது எழுத்தில் இல்லையென்றால் கடிதம் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் வரும். சென்னை இசை விழா சீசனும் அப்போதுதான். சபாவில் தேதி கொடுத்த அன்றே துறைத் தலைவரிடம் சொல்லி, தேர்வுப் பணியைச் சீசனுக்கு முன்பாகவோ பின்பாகவோ மாற்றிக் கேளுங்கள். டிசம்பர் பிறந்த பிறகு போய்க் கேட்டால், அவருக்கு மனசு இருந்தாலும் மாற்ற முடியாது.