ஓமந்தைக்கு வடக்கே ஆறு ஏக்கர் வயல்

கேள்வி: வக்கீல் ஐயா, நான் 1991ல் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவள், ஈசூனில் இருக்கிறேன். வவுனியா மாவட்டத்தில், ஓமந்தைக்கு வடக்கே அப்பாவுக்கு ஆறு ஏக்கர் உறுதிக் காணி (சொந்தப் பத்திரமுள்ள நிலம்), குளத்தடி வயல். அவர் 1998ல் காலமாகிவிட்டார். நான் ஒரே பிள்ளை. 2003ல் பக்கத்து வயல்காரர் புலிகளின் நிர்வாகத்தில் தன் பேருக்கு ஒரு கடதாசி எழுதுவித்து வயலைச் செய்ய ஆரம்பித்தார். "இருபது வருசம் தாண்டிவிட்டது, இனி என் காணி" என்கிறார். போய்விட்டதா ஐயா?

பதில்: இல்லை அம்மா. ஆனால் இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

1999 கடைசியிலிருந்து உங்கள் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஓமந்தைக்குத் தெற்கே அரசாங்கம், வடக்கே புலிகளின் பொலிஸ், புலிகளின் நீதிமன்றம். அங்கே போட்ட சீலைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி, நொத்தாரிசும் (நோட்டரி) இரண்டு சாட்சிகளும் கையெழுத்திடாத கடதாசியால் இலங்கையில் காணி கைமாறாது.

பயப்பட வேண்டியது காலத்துக்குத்தான். ஒருவர் தனியார் காணியை எதிருரிமையோடு, அதாவது உரியவரின் உரிமையை ஏற்காமல் தனக்கே சொந்தம் என்று, பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால், அதைத் தன்னுடையது என்று கேட்கலாம். போரால் வழக்குப் போட முடியாதவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கழித்துவிடும் தனிச்சட்டம் 2016ல் வந்தது. அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். நம்மவர்கள் எத்தனையோ பேருக்கு அந்தச் சேதியே எட்டவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

உங்களைக் காப்பாற்றுவது, அந்தப் பத்து வருடக் கணக்கைச் சொல்லும் பழைய சட்டம். வழக்குப் போடும் உரிமை பிறந்த நாளில் உரியவர் கடல்கடந்து இருந்தால், அவர் திரும்பும்வரை பத்து வருடக் கணக்கு ஓடாது. 2003ல் காணிக்கு உரியவர் நீங்கள்; இருந்ததோ சிங்கப்பூரில். அப்பா உயிரோடு இருந்தபோதே பக்கத்து வயல்காரர் பிடித்திருந்தால் இந்த வாதம் நிற்காது. நடுவில் ஊரில் போய்த் தங்கியிருந்தாலும் கணக்கு மாறலாம். எப்படியும் முப்பது வருடம் முடிந்தால், அதாவது 2033ல், இந்தக் கதவு அடைபட்டுவிடும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். அவர் அப்பாவிடம் குத்தகைக்குச் செய்தவரா? "காலபோகத்துக்கு (பெரும்போகத்துக்கு) எட்டு மூடை அனுப்பியிருக்கிறேன்" என்று அவர் எழுதிய ஒரு வரிக் கடிதம் இருந்தாலும் அது உங்களுக்கு நல்ல சாட்சி. உத்தரவோடு வயலில் இறங்கியவர், வெளிப்படையாக மறுத்து நின்றாலொழிய, எதிருரிமை பேச முடியாது. 2008, 2009ல் அவரும் போரில் இடம்பெயர்ந்து முகாமில் கிடந்திருப்பார். அந்த இடைவெளி உங்களுக்குச் சாதகமாகலாம். அவரும் பட்டவர்தான், முதலில் பேசிப் பாருங்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் வழக்காடுபவன். உங்கள் வழக்கை வவுனியா சட்டத்தரணிதான் நடத்த வேண்டும். அவரிடம் பேசி, நம்பிக்கையான உறவினர் பேருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாகச் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதுங்கள். இங்கே நொத்தாரிசு முன் கையெழுத்திட்டு, அத்தாட்சிக்கு நியூட்டனில் கோல்ட்ஹில் பிளாசாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தைக் கேளுங்கள். அதை இலங்கையிலும் பதிய வேண்டும். அப்பாவின் மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், உறுதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம்.

1991லிருந்து நீங்கள் வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளில் ஒன்றையும் வீசிவிடாதீர்கள். 2003ல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவற்றிலுள்ள முத்திரைகள்தான் சொல்லும்.