பூ மழைக்குக் காத்திருப்பதா, மோட்டாரைப் போடுவதா?

ஏற்காட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: "5 ஏக்கர் அரபிகா காப்பி, மொட்டு பிடித்து நிற்கிறது. மார்ச் பிறந்தும் மொட்டை விரிய வைக்கும் பூ மழை இல்லை. குட்டையில் ஒரு தடவை ஸ்பிரிங்ளர் ஓட்டத்தான் தண்ணீர் தேறும். டீசல், கூலி சேர்த்து 30,000 ரூபாய் ஆகும். பூ தவறினால் ஒன்றரை லட்சம் போச்சு. வியாழக்கிழமை 40 சதவீதம் மழை என்கிறது செல்போன். கிரகணத்தை நொடி பிசகாமல் சொல்கிறவர்களால் மழையைச் சொல்ல முடியாதா?"

முதலில் அந்த 40. பெரும்பாலான ஆப்களில் இது கொஞ்சமாவது மழை விழும் வாய்ப்பு; இலை நனைக்கும் தூறலும் அதில் சேர்த்தி. உங்கள் செடிக்கு வேண்டியதோ சுமார் 25 மில்லிமீட்டர். அதற்கான வாய்ப்பு 40-ஐவிடக் குறைவுதான்.

கிரகணக் கணக்கில் சிறு பிழை இருந்தாலும் அது மெதுவாகத்தான் வளரும். காற்று மண்டலத்தில் அப்படியில்லை. 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி கணினியில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டியபோது, 0.506127-க்குப் பதில் 0.506 என்று போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போயின. சுமார் இரண்டு வாரத்துக்கு அப்பால் நாள் குறித்து மழை சொல்ல முடியாதது இதனால்தான். கோடை இடிமழை இன்னும் மோசம்: ஒரு சரிவில் கொட்டும், அடுத்த சரிவில் புழுதி பறக்கும். 2025-ல் வந்த இந்தியாவின் வானிலைக் கணிப்பு முறையான பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டமே 6 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. உங்கள் 5 ஏக்கர் அதில் எந்த மூலை?

சரி, பணக் கணக்கு. 30,000 என்பது ஒன்றரை லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மழை ஏமாற்றும் வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீர் விடுவது லாபம். உங்களுக்கு அது 60-க்கும் மேல். முன்னறிவிப்பு 40 என்றாலும் 60 என்றாலும் விடை மாறாது, மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் குட்டை இடிக்கிறது. பூத்த பிறகு மூன்று வாரத்துக்குள் இன்னொரு நனைப்பு இல்லாவிட்டால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. அதற்குத் தண்ணீர்? சேலம் பக்கம் மார்ச்சைவிட ஏப்ரலில்தான் கோடை மழை அதிகம். அதனால் நானாக இருந்தால் மார்ச் 20 வரை பொறுப்பேன். தேதி என் குத்துமதிப்புதான். பகலில் வாடிய இலை மறுநாள் காலையிலும் நிமிராவிட்டால் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்போதும் இருக்கிற தண்ணீரை 5 ஏக்கருக்கும் பரப்பித் தெளிக்காதீர்கள். 3 ஏக்கரை நன்றாக நனைத்துவிட்டு, மிச்சத்தை அதே 3 ஏக்கரின் இரண்டாவது நனைப்புக்கு வையுங்கள். மற்ற இரண்டு ஏக்கர் வானம் பார்த்தபடி இருக்கட்டும். மனசு கேட்காதுதான்.

இன்னொன்று: 8, 10 மில்லிமீட்டரோடு நின்றுவிடும் மழைதான் எனக்குப் பயம். மொட்டு அரைகுறையாக விழித்துக் கெட்டுவிடும். அப்படிப் பெய்தால் தேதி பார்க்காமல், அந்த 3 ஏக்கருக்குக் குறையை உடனே தெளித்து நிரப்புங்கள். எவ்வளவு குறை என்று தெரிய உங்கள் தோட்டத்திலேயே ஒரு மழைமானி வேண்டும். டவுனில் எடுத்த அளவு உதவாது.

பைப்பை இந்த வாரமே இழுத்துப் போட்டு, மோட்டாரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது மக்கர் பண்ணுகிற அன்றைக்கு மெக்கானிக் கீழே சேலத்தில் இருப்பார்.