பழுக்கும்போது விழும் கரும்புள்ளிக்கு வெந்நீர் நேர்த்தி

கேள்வி: பறிக்கும்போது மாங்காய் மாசுமருவில்லாமல் இருக்கிறது. பழுக்கத் தொடங்கியதும் கரும்புள்ளி விழுந்து அழுகிவிடுகிறது. பூஞ்சாணக்கொல்லியில் முக்காமல் தடுக்க முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். இந்த நோய் கிடங்கில் வந்ததல்ல, தோட்டத்திலேயே தொற்றியது. ஆந்த்ராக்னோஸ் எனும் இந்தக் கரும்புள்ளி நோயைத் தரும் பூஞ்சாணத்தின் வித்துகள் ஈரமான நாட்களில் பூவிலும் பிஞ்சிலும் ஒட்டி, மேல்தோலுக்குள் நுழைந்து முடங்கிக் கிடக்கும். காயில் இயல்பாக உள்ள எதிர்ப்புப் பொருட்கள் பழுக்கப் பழுக்கக் குறையும், அப்போது பூஞ்சாணம் கிளம்பிவிடும். மேலே கழுவினால் மட்டும் இது போகாததற்குக் காரணம் அதுதான். தோலுக்கடியில் இருப்பதை எட்டச் சூடு வேண்டும்.

நன்கு முற்றிய காய்களைப் பறித்த அன்றோ மறுநாளோ 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் முழுசாக மூழ்க வையுங்கள். கைவைத்துப் பார்த்துச் சூட்டைக் கணிக்க வேண்டாம், தெர்மாமீட்டர் கட்டாயம். குறைந்தால் பூஞ்சாணம் பிழைத்துக்கொள்ளும். கூடினால் தோல் வெந்து பழுப்பேறும். காய்களைப் போட்டதுமே தண்ணீர் சூடு சட்டென்று இறங்கும். அதனால் தொட்டியில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும், கலக்கிக்கொண்டே இருங்கள், சூடு மறுபடி 52-ஐத் தொட்ட பிறகு நேரத்தை எண்ணுங்கள். எடுத்ததும் சுத்தமான தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் போக உலர்த்திய பிறகே அடுக்க வேண்டும். முற்றாத காய் இந்தச் சூட்டைத் தாங்காது.

சமையல் சோடாக் கரைசல் மேற்பரப்பு வித்துகளை ஓரளவு அடக்கும். அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக நம்பச் சொல்ல மாட்டேன். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூச்சும் அப்படித்தான்.

காம்பைச் சுற்றி அழுகல் தொடங்கினால் அது வேறு பூஞ்சாணம். காம்போடு பறித்து, பால் தோலில் படாமல் வடியவிடுங்கள், மண்ணில் வைக்காதீர்கள்.

அப்புறம், வெந்நீர் நேர்த்திக்குப் பின் காயில் தங்கிக் காக்கும் மருந்து எதுவும் இருக்காது. பழைய அழுக்குப் பெட்டியில் அடுக்கினால் புதிதாகத் தொற்றும். சேமிப்பில் 13 டிகிரி அளவு போதும். 10-க்குக் கீழே குளிர்ப்பாதிப்பு வந்து, அழுகலுக்கு அதுவே வழிவிடும்.

ரகத்துக்கு ரகம் தோலின் தாங்கும் சக்தி மாறும். முதலில் ஒரு கூடைக் காயை நேர்த்தி செய்து, செய்யாத கூடையோடு பக்கத்தில் பழுக்கவிட்டுப் பாருங்கள். தோல் பழுப்பேறினால் நேரத்தைக் குறையுங்கள்.